கணக்கில் சேராத விஞ்ஞானம்

பௌதிகப் பாடத்தில் 'வேலை' என்ற சொல்லுக்கு ஓர் இலக்கணம் உண்டு. ஒரு பொருளின் மீது விசை செயற்பட்டு, அவ்விசையின் திசையில் அப்பொருள் நகருமானால் அங்கே வேலை நடந்திருக்கிறது என்கிறோம். விசையைத் தொலைவால் பெருக்கினால் வேலையின் அளவு கிடைக்கும். துவைத்துப் பிழிந்த ஈரத் துணிகளோடு ஒரு வாளி 10 கிலோகிராம் நிறை உள்ளது எனக் கொள்வோம். அதை 6 மீட்டர் உயரத்திலுள்ள மொட்டை மாடிக்கு ஏற்ற வேண்டுமானால் 10 x 9.8 x 6 = 588 ஜூல் வேலை செய்தாக வேண்டும். வாளியைத் தூக்குபவர் ஆணா பெண்ணா, கூலி பெறுபவரா பெறாதவரா என்று பௌதிகம் கேட்பதில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதைக் கேட்கிறது. சலவைக் கூடத்தில் கூலிக்காக இந்த வாளியைத் தூக்குபவர் அதன் பதிவேட்டில் 'வேலை செய்பவர்'. தம் வீட்டுத் துணியை வீட்டு மாடிக்குத் தூக்கிச் செல்லும் பெண், வருமானம் தரும் வேறு தொழில் எதுவும் செய்யாதவராக இருந்தால், 'வேலை செய்யாதவர்' என்ற பிரிவில் எழுதப்படுகிறார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வீட்டுக் கடமைகளை மட்டும் பார்த்தவர்கள் இந்தப் பிரிவிலேயே சேர்க்கப்பட்டனர். ஜூல் அதே 588தான். பெயர் மட்டும் மாறிவிடுகிறது!

பதிவேட்டை ஏன் குறை சொல்ல வேண்டும்? "உன் தாயார் என்ன செய்கிறார்?" என்று யாரேனும் கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில் என்ன? "வேலைக்குப் போகவில்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறார்." அந்தச் 'சும்மா' என்ற சொல்லைத்தான் இக்கட்டுரையில் சோதித்துப் பார்க்கப் போகிறோம். சோதனைக்கு இரண்டு வினாக்கள் போதும். இல்லத்தரசி செய்யும் பணியில் விஞ்ஞானம் மதிக்கத்தக்க அறிவும் திறனும் உண்டா? உண்டென்றால், அது ஏன் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை?

மாவுச் சட்டிக்குள் ஓர் உயிரியல் கூடம்

நம் வீடுகளில் வெகு சாதாரணமாக நடக்கும் ஒரு செயலிலிருந்து தொடங்குவோம். இட்லிக்கு அரைப்பது.

புழுங்கலரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு என்பது பல வீடுகளில் வழங்கும் அளவு. இரண்டையும் தனித்தனியாக ஊறவைத்து, அரைத்து, உப்பிட்டுக் கலந்து, இரவில் மூடி வைக்கிறார்கள். காலையில் மாவு பொங்கி நிற்கிறது. இடையில் நடந்தது என்ன? உளுந்தோடு ஒட்டிவந்த பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரைப் பொருள்களை உண்டு பெருகியுள்ளன. அவற்றுள் முதன்மையானது 'லூக்கோனோஸ்டாக்' என்னும் இனம். இவை லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்குகின்றன. அமிலம் மாவுக்குப் புளிப்பைத் தருவதோடு, நோய் விளைக்கும் பல கிருமிகள் அங்கே தலையெடுக்காமலும் தடுக்கிறது. வாயு மாவை உப்பச் செய்கிறது. உளுந்தின் புரதங்களும் வழவழப்பான பசைப் பொருளும் அந்த வாயுக் குமிழிகள் வெளியேறாமல் பிடித்துக்கொள்கின்றன. இட்லியின் மென்மைக்குக் காரணம் சிறைப்பட்ட இந்தக் குமிழிகளே.

இந்தப் பாக்டீரியாக்களுக்கு 30 டிகிரி சென்டிகிரேடு அளவிலான வெப்பம் உகந்தது. சித்திரை மாதத்து இரவில் மாவு விரைவில் பொங்கிவிடும். மார்கழியில் சோம்பிக் கிடக்கும். ஆகவே கோடையில் தாமதமாக அரைப்பதும், மாவு பொங்கியவுடன் குளிர்ப்பெட்டிக்கு மாற்றுவதும், பனிக்காலத்தில் முன்னதாகவே அரைத்து அடுப்பங்கரையின் கதகதப்பான மூலையில் வைப்பதும் வழக்கமாயின. மின் அரைப்பானில் கல் சூடேறும்போது குளிர்ந்த நீர் தெளிப்பதற்கும் காரணம் உண்டு. சூடு மிகுந்தால் மாவின் தன்மை கெட்டுவிடும். ஓர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர் வளர்ப்பவர் வெப்பநிலை, காலம், ஈரம், உப்பின் அளவு ஆகிய நான்கையும் கவனித்துக் குறித்துக்கொள்வார். இல்லத்தரசியும் இதே நான்கையும் கவனிக்கிறார். அவரிடம் குறிப்பேடு இல்லை என்பதே வேறுபாடு.

உளுந்து மாவு அரைபட்டது போதுமா என்று பார்க்க, ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு மாவை இடுவதைக் கண்டிருப்பீர்கள். மாவு மிதந்தால் போதும், மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். இது அடர்த்திச் சோதனையே அன்றி வேறென்ன? போதிய காற்று மாவினுள் புகுந்திருந்தால் அதன் அடர்த்தி நீரினுடையதைவிடக் குறைகிறது, மாவு மிதக்கிறது.

காதே வெப்பமானி

வெண்ணெய் காய்ச்சி நெய் இறக்குவதைப் பார்ப்போம். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர் உள்ளது. வாணலியில் இட்டுச் சூடேற்றினால் அந்த நீர் கொதித்து ஆவியாகும்போது படபடவென்று ஓசை கேட்கும். நீர் இருக்கும்வரை அடுப்பு தரும் வெப்பம் பெரும்பாலும் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. எனவே வெண்ணெயின் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. நீர் தீர்ந்ததும் வெப்பநிலை விறுவிறுவென்று ஏறும். அடியில் தங்கிய கசடு பொன்னிறமாகிச் சற்று நேரத்தில் கருகிவிடும். ஓசை அடங்குவதே நீர் தீர்ந்ததன் அறிகுறி. வேறு வேலையாகத் திரும்பி நிற்கும் பெண், ஓசை அடங்கியதைக் காதால் கேட்டு ஓடிவந்து அடுப்பை அணைக்கிறார். உள்ளுறை வெப்பம் என்று நாம் பாடத்தில் படிப்பதை அவர் காதால் அறிகிறார்.

சர்க்கரைப் பாகில் இன்னும் நுட்பம் அதிகம். பாகு கொதிக்கக் கொதிக்க நீர் குறைந்து சர்க்கரையின் செறிவு கூடுகிறது. செறிவு கூடக் கூடக் கொதிநிலையும் உயர்கிறது. 110 டிகிரி அளவில் பாகு இரு விரல்களுக்கிடையே கம்பியாக நீளும். 115 டிகிரி அளவில், தண்ணீரில் இட்ட சொட்டு கரையாமல் மெத்தென்ற உருண்டையாகத் திரளும். 150 டிகிரியை நெருங்கினால் அதே சொட்டு கண்ணாடிபோல் இறுகி, தட்டில் போட்டால் 'டங்' என்று ஒலிக்கும். ஆலைகளில் இதற்கென வெப்பமானி வைத்திருக்கிறார்கள். வீட்டில் விரலும் ஒரு கிண்ணத் தண்ணீரும் அப்பணியைச் செய்கின்றன. கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்ற சொற்கள் வெப்பமானியில் இட்ட கோடுகளைப் போன்றவை.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழியும் இத்தகையதே. முழுமையையும் ஆராயாமல், ஒரு மாதிரியை எடுத்து ஆராய்ந்து முழுமையைப் பற்றி முடிவு செய்வது புள்ளியியலின் அடிப்படை. ஆனால் மாதிரி நேர்மையாக அமைய வேண்டுமானால் பானை நன்கு கிளறப்பட்டிருக்க வேண்டும். கிளறாமல் மேலாக ஒரு பருக்கையை எடுத்தால் அது பானையின் நிலையைச் சொல்லாது. சோறு வடிக்கும் எவருக்கும் இது தெரியும்.

இவற்றையெல்லாம் 'கைப்பக்குவம்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஏதோ பிறவியிலேயே கையோடு வந்த வரம் என்பதுபோல் அது ஒலிக்கிறது. உண்மையில் அது பல நூறு முறை செய்து, தவறி, திருத்தி, நினைவில் இருத்திய அறிவு. அரிசி மாறும், தண்ணீர் மாறும், பருவம் மாறும், சமையல் வாயு தீரும் நாளும் வரும். மாறும் சூழ்நிலையில் மாறாத விளைவைப் பெறுவதே தேர்ந்த தொழில்நுட்பத்தின் இலக்கணம்.

பாத்திரம் கழுவிய நீரில் ஓர் ஆராய்ச்சி

"இதெல்லாம் பழக்கம், இதை விஞ்ஞானம் என்று சொல்லலாமா?" என்று சிலர் கேட்கலாம். பழக்கம் எங்கே முடிந்து விஞ்ஞானம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு, சமையலறையில் நின்றே விடை கண்ட ஒரு பெண்ணின் வரலாறு உண்டு.

அவர் பெயர் ஆக்னெஸ் பொக்கல்ஸ். 1862ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் பிறந்தார். அப்போது அந்நகர் ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. தந்தை ஆஸ்திரியப் படையில் பணியாற்றினார். மலேரியாவால் தந்தையின் உடல்நலம் கெட்டு அவர் ஓய்வு பெறவே, குடும்பம் 1871இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகருக்குக் குடியேறியது. அங்கே ஆக்னெஸ் பெண்கள் பள்ளியில் படித்தார். பௌதிகத்தில் அவருக்குத் தணியாத ஆர்வம். ஆனால் அக்காலத்தில் அங்கே பெண்கள் பல்கலைக்கழகத்தில் மாணவியராகச் சேர இயலாது. அவருக்கு மூன்று வயது இளையவரான தம்பி ஃபிரிட்ரிக், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பௌதிகம் கற்றார். அக்காளோ வீட்டில் தங்கி, நோயுற்ற பெற்றோரைப் பேணி, சமைத்து, பாத்திரம் துலக்கி, குடும்பத்தை நடத்தினார். தம்பி அனுப்பிய பாடநூல்களே அவருடைய கல்லூரி.

பாத்திரம் கழுவிய நீரின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு மிதப்பதை எல்லாரும் காண்கிறோம். முகம் சுளித்துக் கொட்டிவிடுகிறோம். ஆக்னெஸ் அதை உற்று நோக்கினார். தூய நீரின் பரப்பும் பிசுக்கு படிந்த நீரின் பரப்பும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதைக் கவனித்தார். அந்த வேறுபாட்டை அளக்க முடியுமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 20 வயது.

இங்கே பரப்பு இழுவிசையை நினைவுபடுத்திக்கொள்வோம். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. உட்புறத்து மூலக்கூறு எல்லாப் பக்கமும் ஈர்க்கப்படுகிறது. பரப்பில் உள்ளதோ உள்நோக்கியே இழுக்கப்படுகிறது. ஆகவே நீர்ப்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்போல் சுருங்க முயல்கிறது. கொழுப்போ சோப்போ பரப்பில் பரவினால் இந்த இழுவிசை குறைகிறது.

இதை அளக்க ஆக்னெஸ் செய்த கருவி இது: 70 சென்டிமீட்டர் நீளமும், 5 சென்டிமீட்டர் அகலமும், 2 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு தகரத் தொட்டி. அதில் விளிம்புவரை நீர். தொட்டியின் குறுக்கே, நீர்ப்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்குமாறு ஒரு தகரப் பட்டை. பட்டையை இப்படியும் அப்படியும் நகர்த்தினால் ஒரு பக்கத்துப் பரப்பைச் சுருக்கவும் விரிக்கவும் முடியும். எவ்வளவு நகர்ந்தது என்பதை அளவுகோலில் படிக்கலாம். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு வட்டத் தட்டை நீர்ப்பரப்பில் ஒட்டவைத்து, அதைப் பிரித்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று ஒரு சிறிய தராசினால் அளந்தார். அந்த எடையே பரப்பு இழுவிசையின் அளவு. பட்டையால் பரப்பின் அழுக்கை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, தூய பரப்பைப் பெறும் வழியையும் அவர் கண்டார்.

அவர் கண்ட உண்மை வியப்பானது. பிசுக்குப் படலம் பரவலாக, அடர்த்தியின்றி இருக்கும்வரை நீரின் இழுவிசை மாறுவதே இல்லை. பட்டையை நகர்த்திப் படலத்தை நெருக்கிக்கொண்டே வந்தால், ஒரு குறிப்பிட்ட எல்லையில் இழுவிசை திடீரென்று குறையத் தொடங்குகிறது. ஏன் அந்த எல்லை? அந்த இடத்தில்தான் கொழுப்பு மூலக்கூறுகள் இடைவெளியின்றி அருகருகே நின்று, ஒரே ஒரு மூலக்கூறின் கனமுள்ள படலமாக நீரை மூடுகின்றன. அதன் கனம், ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் பங்காக்கினால் அதில் ஒன்றிரண்டு பங்குதான். மூலக்கூறு என்ற ஒன்று உண்மையிலேயே உண்டா என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், அதன் அளவை எட்டிப் பார்க்கும் வழி ஒரு தகரத் தொட்டியில் திறந்திருந்தது!

ஏறத்தாழ 10 ஆண்டுகள் இந்த ஆய்வுகள் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. இங்கிலாந்தில் ராலே பிரபு நீர்ப்பரப்பைப் பற்றி ஆராய்ந்து வருவதை அறிந்த ஆக்னெஸ், 1891ஆம் ஆண்டு ஜனவரியில் அவருக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதினார். ராலே பெரும் புகழ்பெற்ற விஞ்ஞானி. கடிதம் எழுதியவரோ எந்தப் பட்டமும் பதவியும் இல்லாத பெண். ராலே கடிதத்தை ஒதுக்கிவிடவில்லை. அதை ஆங்கிலத்தில் பெயர்க்கச் செய்து, மிக எளிய வீட்டுச் சாதனங்களைக் கொண்டே மதிப்பு வாய்ந்த முடிவுகளை இப்பெண்மணி அடைந்திருக்கிறார் என்ற கருத்துடன் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். 1891 மார்ச் 12ஆம் நாள் அது வெளிவந்தது.

அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் இதே வகைத் தொட்டியைச் செம்மைப்படுத்தி 1917இல் தம் ஆய்வை வெளியிட்டார். பரப்பு வேதியியலில் ஆற்றிய பணிக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றார். 1950களில், நகரும் தடுப்புள்ள இத்தகைய தொட்டியைக் கொண்டே நுரையீரலின் உட்புறத்தைப் பூசியுள்ள படலத்தையும் ஆராய்ந்தார்கள். மூச்சுத் திணறலால் இறந்த குறைமாதக் குழந்தைகளிடம் அந்தப் படலப் பொருள் போதிய அளவில் இல்லை என்பது 1959இல் தெரியவந்தது. பிற்காலத்தில் அப்பொருளையே மருந்தாகச் செலுத்தி எண்ணற்ற சிசுக்களைக் காப்பாற்ற முடிந்தது. பாத்திரம் கழுவிய நீரில் தொடங்கிய பாதை எங்கே சென்று சேர்ந்திருக்கிறது பாருங்கள்!

ஆக்னெஸ் என்ன ஆனார்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெற்றோரின் நோயும் முதுமையும் அவருடைய நேரத்தை மேலும் மேலும் எடுத்துக்கொண்டன, ஆய்வு சுருங்கியது. 1932இல், அவருடைய 70ஆம் வயதில், பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்ப உயர்கல்விக் கூடம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1935இல் காலமானார். அவருடைய தகரத் தொட்டியை விஞ்ஞானம் கணக்கில் எழுதிக்கொண்டது. அதே கைகள் பல பத்தாண்டுகள் சமைத்ததும் நோயாளிகளைப் பேணியதும் எந்தக் கணக்கிலும் இல்லை. தம்பியிடம் பாடநூல் கிடைக்காத, ராலேயின் முகவரி தெரியாத எத்தனை பெண்களின் கவனிப்புகள் கழுவுநீரோடு போயிருக்கும்!

கணக்கு ஏன் தவறியது?

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். வீட்டுப் பணி ஏன் கணக்கில் ஏறவில்லை?

அமெரிக்காவின் நாட்டு வருமானத்தைக் கணக்கிடும் பொறுப்பு பொருளியல் அறிஞர் சைமன் குஸ்நெட்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. 1934இல் அவர் அளித்த அறிக்கையில் இல்லத்தரசிகளின் பணி சேர்க்கப்படவில்லை. அது மதிப்பற்றது என்று அவர் கருதவில்லை. மதிப்பிட நம்பகமான வழி இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். அளக்க முடியாததால் விடப்பட்ட ஒன்று, நாளடைவில் இல்லாத ஒன்றாகவே எண்ணப்பட்டது. இங்கிலாந்தின் பொருளியல் அறிஞர் பிகூ 1920லேயே இதிலுள்ள வேடிக்கையைச் சுட்டிக்காட்டியிருந்தார். ஒருவர் சம்பளத்துக்கு அமர்த்திய வீட்டுப் பணிப்பெண்ணையே மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும்! வேலை அதேதான், சம்பளம் மட்டும் நின்றுபோகிறது.

உலக நாடுகள் இன்று பின்பற்றும் கணக்கு முறையிலும் இந்த இடைவெளி உள்ளது. ஒரு குடும்பம் தான் உண்பதற்காகவே விளைவித்த நெல்லும் உற்பத்தியாகக் கணக்கில் சேரும். அந்த நெல்லைச் சோறாக்கிப் பரிமாறும் உழைப்பு சேராது. நெல்லை அப்படியே உண்ண முடியுமா?

குஸ்நெட்ஸின் அறிக்கை வந்த அதே 1934இல், அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மார்கரெட் ரீட் ஒரு நூல் எழுதினார். வீட்டில் எது உழைப்பு, எது உழைப்பன்று என்று பிரிக்க அதில் எளிய சோதனை ஒன்றைக் கூறினார். ஒரு செயலை நமக்காக மூன்றாவது ஆள் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திச் செய்விக்க முடியுமா? முடியுமானால் அது உழைப்பு. உண்பது, உறங்குவது, பாட்டுக் கேட்பது ஆகியவற்றை நமக்காக இன்னொருவர் செய்ய இயலாது. சமைப்பது, துவைப்பது, பெருக்குவது, பிள்ளைக்குப் பாடம் சொல்வது, நோயாளிக்கு மருந்து கொடுப்பது ஆகியவற்றைச் செய்விக்கலாம். ஆகவே இவை உழைப்பே.

நேரத்தை அளந்தபோது

பணத்தால் அளக்க இயலாததை நேரத்தால் அளக்கலாமே! நாளின் 24 மணியையும் யார் எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுவதே நேரப் பயன்பாட்டு ஆய்வு. இந்தியாவில் 1998-99இல் தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் அது முன்னோட்டமாக நடந்தது. 2019இல் முதன்முறையாக நாடு முழுவதும் 6 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டது. நாளை 30 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து எழுதினார்கள்.

முடிவு இது: ஊதியமில்லா வீட்டுப் பணியில் ஈடுபட்டோர் 100 பெண்களில் 81 பேர்; 100 ஆண்களில் 26 பேர். ஈடுபட்ட பெண் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்கள் செலவிட்டார். ஈடுபட்ட ஆண் 97 நிமிடங்கள். 2024ஆம் ஆண்டு ஆய்வில் இவை முறையே 289 நிமிடங்களாகவும் 88 நிமிடங்களாகவும் இருந்தன. குழந்தைகளையும் முதியோரையும் பேணும் நேரம் இதில் சேரவில்லை. அது தனிக் கணக்கு.

289 நிமிடங்கள் என்பதை ஓராண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். 289 x 365 = 1,05,485 நிமிடங்கள். அதாவது சுமார் 1,758 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேர வேலை என்று வகுத்தால் ஏறத்தாழ 220 வேலை நாள்கள். ஞாயிறும் பண்டிகையும் விடுமுறையல்ல. பண்டிகை நாளில் வேலை கூடுதல்.

ஓர் உறுப்பின் பணியை அறிய, அது இயங்காதபோது உடலில் என்ன நேர்கிறது என்று பார்ப்பது உயிரியலில் ஒரு முறை. ஐஸ்லாந்து நாட்டுப் பெண்கள் 1975 அக்டோபர் 24ஆம் நாள் இந்தச் சோதனையைச் செய்து காட்டினார்கள். நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அன்று வீட்டு வேலையும் செய்யவில்லை, அலுவலக வேலையும் செய்யவில்லை. பள்ளிகள், கடைகள், ஆலைகள் பலவும் இயங்கவில்லை. தந்தையர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அலுவலகம் சென்றார்கள். மறு ஆண்டே ஆண், பெண் சம உரிமைக்கான சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது.

நம் நாட்டில் இந்தக் கணக்கு நீதிமன்றத்தின் வழியாகவும் வந்தது. 1989இல் ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாவில் நேர்ந்த தீ விபத்தில் பலர் மாண்டனர். அவர்களுள் இல்லத்தரசிகளும் இருந்தனர். சம்பளம் வாங்காதவரின் இழப்பை எப்படி மதிப்பிடுவது? 2001இல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய பணியின் மதிப்பை மாதம் 3,000 ரூபாய் என்று கொண்டு இழப்பீட்டைக் கணக்கிட்டது. 2021 ஜனவரியில் மற்றொரு வழக்கில், 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின் எண்களையே அந்த நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், இல்லத்தரசியின் பணியில் திட்டமிடல், வரவு செலவு, சமையல், வீட்டு மருத்துவம் எனப் பல திறன்கள் அடங்கியுள்ளன என்று விளக்கி, அவ்வழக்கில் கணவர் பெயரில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாடு அரசு, தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. அதற்கு 'உதவித் தொகை' என்று பெயரிடாமல் 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டது கவனிக்கத்தக்கது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. வீட்டுப் பணி அறிவு நிறைந்தது என்று புகழ்ந்துவிட்டு, அதைப் பெண்களின் தலையிலேயே நிரந்தரமாக ஏற்றிவிடுவது நேர்மையாகாது. ஆக்னெஸ் சமையலறையை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் கதவு மூடியிருந்தது. திறன் என்பது கற்றால் எவர்க்கும் வருவது. மாவில் வாழும் பாக்டீரியா அரைத்தவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை.

நீங்கள் செய்து பார்க்க

சோதனை 1: அகலமான ஒரு தட்டைச் சோப்பிட்டுக் கழுவி, சோப்பு முற்றிலும் நீங்குமாறு பலமுறை அலசுங்கள். அதில் தூய நீரை ஊற்றி, மேலே முகப் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். ஓர் ஊசியின் நுனியைச் சமையல் எண்ணெயில் தோய்த்து, நீர்ப்பரப்பின் நடுவில் தொடுங்கள். பவுடர் சட்டென விலகி வட்டமாக இடம் விடும். எண்ணெய் பட்ட இடத்தில் இழுவிசை குறைந்ததால், சுற்றிலுமுள்ள தூய நீர்ப்பரப்பு பவுடரை இழுத்துக்கொண்டது. பொக்கல்ஸ் தராசு வைத்து அளந்தது இந்த இழுவிசையைத்தான்.

சோதனை 2: ஒரு தாளில் காலை 4 மணி முதல் மறுநாள் காலை 4 மணி வரை 30 நிமிடத்துக்கு ஒரு வரியாக 48 வரிகள் இடுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். ஒரு விடுமுறை நாள் முழுவதும் யார் என்ன செய்தார்கள் என்று நீங்களே கவனித்து எழுதுங்கள். இந்த வேலையையும் தாயாரிடம் தள்ளிவிடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடந்தால் (அடுப்பில் குழம்பு கொதிக்க, தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது போல) இரண்டையும் குறியுங்கள். பிறகு மார்கரெட் ரீடின் சோதனையை ஒவ்வொரு வரியிலும் செலுத்தி, உழைப்பு எனத் தேறியவற்றுக்குச் சிவப்பு மையால் கோடிடுங்கள். ஒவ்வொருவரின் சிவப்பு வரிகளையும் கூட்டுங்கள். உங்கள் கட்டத்தில் எத்தனை?

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே தாளைப் புதிதாக வரைந்துகொள்ளுங்கள். தாயாரின் சிவப்பு வரிகளில் எவையெவை உங்கள் கட்டத்துக்கு மாறக் கூடியவை என்று அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மாவு அரைப்பதாக இருந்தால், எத்தனை மணிக்கு அரைத்தீர்கள், அன்றைய வெப்பநிலை என்ன, எத்தனை மணிக்குப் பொங்கியது என்பதைக் குறித்து வையுங்கள். முதல் முறை இட்லி கல்லாக வந்தால் கவலை வேண்டாம். அது ஏன் அப்படி வந்தது என்று சொல்லத் தெரிந்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார், கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்.